நாலு மணி நிலவரம்

வீடு என்பது செங்கல், சிமெண்ட், கதவு, ஜன்னல் முதலியவற்றால் ஆனது என்றுதான் பல்செட்டுக்காரர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், விவரம் தெரிந்தவர்கள் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. வீடு என்பது தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வாசிக்கப்படும் ஒரு நிலவரம் என்பதைக் கட்டுப்படி வீட்டு வாரியத்துக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டார்.

அவர் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தார். மருத்துவர் முன்னறையில் பல்லைப் பிடுங்குவார், இவர் பின்னறையில் உட்கார்ந்து பதில் பல் செய்வார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் இவர் புண்ணியத்தில்தான் சிரித்தார்கள். இவருக்குத்தான் சிரிக்க வசதிப்படவில்லை. மூன்றாவது மாடியில், பின்பக்கம், ஒரே அறையில் குடித்தனம். அவர், மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், மனைவியின் தையல் மெஷின், ஆக ஐந்து பேர். மெஷினையும் ஆள் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஓர் ஆள் படுக்கிற இடத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அதன் மேல் துணி, சாயங்காலம் மகளின் பாடப்புத்தகம், படுக்கப் போகும்போது மாமனாரின் பல்செட்.

இப்படி நெருக்கியடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தவர்களிடம் ஒரு மாதத் தொடக்கத்தில் வீட்டுக்காரம்மா படியேறி வந்தார்.

"கட்டடத்தை வித்தாச்சுப்பா. ஏதோ பெரிய ஆபீஸ் வாங்கியிருக்கு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுங்க. நல்லவங்க நீங்க. உங்களுக்கு எங்க வேணாலும் கிடைக்கும்."

நல்லவர்களுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. பல்செட்டுக்காரரும் மனைவியும் தெருத் தெருவாக அலைந்தார்கள். வாடகையைக் கேட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, உட்காரவும் யாரும் விடவில்லை. ஓரிடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்தைக் காட்டி, "காத்து வராது, அதனால தூசியும் வராது" என்றார்கள். மனைவி விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்து, "உங்க பங்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டாள்.

அந்தப் பங்குதான் அவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம். மாமனார் தன் ஓய்வுப் பணத்தை அப்படியே மாப்பிள்ளை பெயரில் வாரியத்தின் முன்னுரிமைப் பங்கில் போட்டிருந்தார். லாபம் வந்தால் மற்றவர்களுக்கு முன்னால் இவர்களுக்குத் தருவார்கள். வீடு ஒதுக்கும்போதும் வரிசையில் இவர்கள்தான் முன்னால். ஒரே ஒரு குறை, வாரியத்தின் கூட்டங்களில் கை தூக்க உரிமை கிடையாது. "கை தூக்கி என்ன ஆகப்போகுது, பஸ்ஸே நிக்கறதில்ல" என்று சொல்லித்தான் மாமனார் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாளே மாமனாரும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். வாரியக் கட்டடம் பளபளவென்று இருந்தது. கூடத்தின் சுவரில் பெரிய திரை, அதில் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. நாலு மணி ஆனதும் மணி அடித்தது. அதிகாரிகள், குமாஸ்தாக்கள், வரிசையில் நின்றவர்கள், டீ கொண்டு வந்தவர் எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். அறிவிப்பு அதிகாரி என்று ஒருவர், அதற்கென்றே தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் பெரிய மனிதரின் உடல்நிலையைச் சொல்கிற குரலில் வாசித்தார்.

"முன்னுரிமைப் பங்கு இன்று காலை சற்றே சோர்வுடன் கண் விழித்தது. பதினோரு மணிக்கு லேசான நடுக்கம் காணப்பட்டது. மதியத்துக்குப் பிறகு தெம்பு வந்தது. மாலையில் நேற்றைவிட ஒரு பின்னம் உயர்ந்து நலமாக இருக்கிறது. ஆகவே, இன்று வீடுகள் கட்டுப்படியாகும்."

எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா பல்செட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். இவருக்கும் ஏனோ கண் கலங்கியது. இறங்கும் நாளில் யாரும் கை குலுக்க மாட்டார்கள், டீயில் சர்க்கரையும் போட மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கவுண்டர் திறந்தது. உள்ளே இருந்த ஒதுக்கீட்டு அதிகாரிக்குப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியுமே தவிர முடிக்கத் தெரியாது. மாமனார் அங்கேயே அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு வீடு கட்டுப்படியாகும்னு சொன்னாங்களே சார்" என்றார் பல்செட்டுக்காரர்.

"ஆகும், தாராளமா ஆகும், ஆனா வீடு ஏழைங்களுக்குத்தான், நீங்க பங்கு வச்சிருக்கீங்க, பங்கு இன்னிக்கு ஏறியிருக்கு, அப்ப நீங்க இன்னிக்கு வசதியானவர், வசதியானவருக்கு வாரியம் வீடு கொடுத்தா ஏழைங்க மனசு என்ன பாடுபடும், அதையும் பார்க்கணும் இல்லையா."

"நான் காலைல இருந்த மாதிரியேதான் சார் இருக்கேன்."

"அது உங்க பார்வை. எங்க பார்வைல நீங்க மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏழ்மையைத் தாண்டிட்டீங்க."

ஏழ்மையைத் தாண்டிய பல்செட்டுக்காரர் பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் மாமனாரோடு நடந்தே வீடு வந்தார்.

அதற்கடுத்த நாள் பங்கு இறங்கியது. கவுண்டரின் இரும்புத் தட்டி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பல்செட்டுக்காரர் குனிந்து அடியில் பார்த்தார். அரைப்புள்ளியும் உள்ளேயிருந்து குனிந்து அவரைப் பார்த்தார். இருவரும் முதுகு வளைத்தபடியே பேசினார்கள்.

"இன்னிக்கு நீங்க அசல் ஏழை, அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல, எழுதிக்கூடத் தர்றேன், ஆனா இன்னிக்கு வீடு கட்டுப்படியாகாதே, கவுண்டர் மூடியாச்சே."

"யாருக்கு சார் கட்டுப்படியாகாது?"

"வாரியத்துக்கு. வேற யாருக்கு?"

கட்டுப்படி என்பது வாங்குகிறவனுடைய கட்டுப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்ததற்காகப் பல்செட்டுக்காரர் வெட்கப்பட்டார். "அப்ப எனக்கு எப்பதான் சார் கிடைக்கும்?"

"ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, நேத்து இருந்த இடத்துலயே நிக்கணும், அன்னிக்கு நீங்களும் ஏழையா இருப்பீங்க, நாங்களும் திறந்திருப்போம்."

"அப்படி எப்பவாவது நின்னிருக்கா?"

"வாரியம் ஆரம்பிச்சதுலேர்ந்து நின்னதில்ல. ஆனா விதியில அதுக்கு இடம் இருக்கு. இடம் இல்லன்னு யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது."

"இடம் இருக்கு, இடம் இருக்கு, உள்ள போங்கன்னு நானும் காலமெல்லாம் கத்தியிருக்கேன்" என்றார் மாமனார். "உள்ள இடம் இருந்ததே இல்ல."

பங்கை விற்றுப் பணத்தையாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வாரியம் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தால் வாங்கிக்கொள்ளும், நினைக்கும் நாளை வாரியமே முடிவு செய்யும் என்று பதில் வந்தது. மாமனார் அன்று முழுக்கப் பல்செட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பல்லைக் கழற்றி வைத்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். கோபத்தில் கடித்து உடைத்துவிடக் கூடாது பாருங்கள்.

மாதம் ஓடியது. மாமனார் தினமும் நாலு மணிக்கு வாரியத்துக்குப் போய் நின்று, அன்றைய எண்ணை ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு வந்தார். மனைவி தைத்து முடிக்காத துணிகளை வாடிக்கைக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். மகள் மட்டும், "எந்த ஸ்கூலுக்கு மாறப்போறேன்?" என்று தினமும் கேட்டாள். பல்செட்டுக்காரருக்கு வேலையில் கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு மேல்வரிசையைக் கீழேயும் கீழ்வரிசையை மேலேயும் செய்து வைத்துவிட்டு மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர் வருவதால் கூடம் நிறைந்திருக்க வேண்டும். ஆகையால் பங்குதாரர்களைப் பயனாளிகள் என்று பெயர் மாற்றிக் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார்கள். மேடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தங்க நிறம் பூசி, நூலாம்படையைத் துடைத்திருந்தார்கள். எண்கள் ஓடும் திரையை விழா பேனர் மறைத்திருந்தது.

தலைவர் பேசினார்.

"சில பேர் கேக்கறாங்க, இந்த வருஷம் எத்தனை வீடு கொடுத்தீங்கன்னு. இது சின்னத்தனமான கேள்வி. எத்தனை வீடு கொடுத்தோம்ங்கிறது முக்கியம் இல்ல, எத்தனை நாள் வீடு கட்டுப்படியாச்சுங்கிறதுதான் முக்கியம். பாதி நாளுக்கு மேல கட்டுப்படியாகியிருக்கு. அதுமட்டுமில்ல, பயனாளிகளோட பங்குப் பணத்துல நாம இந்த வருஷம் பழைய கட்டடங்களா பார்த்து வாங்கியிருக்கோம். அந்தக் கட்டடங்கள்ல என்ன பிரச்சினை? ஜனங்க குறைஞ்ச வாடகையில குடியிருந்தாங்க. அவங்களையெல்லாம் அப்புறப்படுத்தினாத்தான் குறைஞ்ச விலையில குடியிருக்க ஜனங்களுக்கு இடம் கொடுக்க முடியும். அந்தப் பணியைத் துணிச்சலா ஆரம்பிச்சிருக்கோம்."

பலத்த கைதட்டல். பல்செட்டுக்காரரும் தட்டினார். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

இந்த நேரத்தில் அறிவிப்பு அதிகாரி, கறுப்புக் கோட்டில் வேர்த்து விறுவிறுத்து, மேடைக்குப் பின்பக்கமாக வந்தார். கையில் பாதி எழுதிய தாள். அவர் தலைவரின் காதில் சொன்னது முன்வரிசையில் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, அடியோட விழுந்துடுச்சு. நடுக்கம்னு எழுதலாமா, மயக்கம்னு எழுதலாமான்னு தெரியல."

"விருந்தாளி முன்னாடியா விழணும்? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"நேத்து நல்லா இருந்துச்சுங்க."

"அப்ப நேத்தியதையே வாசிங்க. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது."

மணி அடித்தது. கூடமே எழுந்து நின்றது. அறிவிப்பு அதிகாரி நேற்றைய தாளை எடுத்து, நேற்றைய சோர்வு, நேற்றைய நடுக்கம், நேற்றைய தெம்பு எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். "மாலை நிலவரம், நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு ஏழு. இன்று வீடுகள் கட்டுப்படியாகும்."

மாமனார் கை தூக்கினார்.

"முன்னுரிமைப் பங்குதாரர்கள் கை தூக்கக் கூடாது" என்று ஒரு குமாஸ்தா ஓடி வந்தார்.

"இறக்கிட்டேன். வாயைத் திறக்கலாமா?"

குமாஸ்தாவுக்கு அதைப் பற்றி விதி ஞாபகம் வரவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் மாமனார், நெரிசலான பஸ்ஸில் பின்படிக்கட்டு வரை கேட்கிற குரலில், "நேத்து சாயங்காலமும் நூத்திப் பன்னிரண்டு புள்ளி நாலு ஏழு. இன்னிக்கும் அதே. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, நின்னுடுச்சு. என் மாப்பிள்ளைக்கு வீடு கொடுங்க" என்றார்.

இல்லை, இறங்கிவிட்டது என்று சொன்னால் தாளை மாற்றியது தெரிந்துவிடும். ஏறிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் வாசித்த எண் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. தலைவர் அறிவிப்பு அதிகாரியைப் பார்த்தார். அறிவிப்பு அதிகாரி கூரையைப் பார்த்தார். இதற்குள் விருந்தினர், என்ன நடக்கிறது என்று புரியாமல், ஏதோ ஏற்பாடு செய்த நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கைதட்டிவிட்டார். மேலிடம் தட்டிவிட்ட பிறகு கீழே சும்மா இருக்க முடியுமா? கூடம் அதிர்ந்தது.

பல்செட்டுக்காரரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அட்டைச் சாவியை அவர் தோளில் சாய்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வாரியம் ஆரம்பித்ததிலிருந்து முதன்முதலாக ஒருவருக்கு வீடு கிடைத்திருப்பதைத் தலைவர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். பல்செட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் சாவியோடு இறங்கப் பார்த்தபோது ஒரு குமாஸ்தா, "அது இங்கயே இருக்கட்டும், அடுத்த விழாவுக்கு வேணும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒதுக்கீட்டு உத்தரவை வாங்கப் போனார். அரைப்புள்ளி எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார். உத்தரவில் வீட்டின் முகவரி இருந்தது. பல்செட்டுக்காரர் அதைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தெரு அவர் தெரு. கட்டடம் அவர் கட்டடம். மூன்றாவது மாடி, பின்பக்கத்து அறை.

"சார், இதுல ஒரு குடும்பம் இருக்கே."

"இருக்கு, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், போன மாசம்தான் அந்தக் கட்டடத்தை வாங்கினோம், உங்களை மாதிரி ஆளுங்க பணத்துலதான், அந்தக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லியாச்சு, மாசக் கடைசியில போயிடுவாங்க, அவங்க போனதும் சாவி உங்க கையில, அப்ப பங்கைக் கொடுத்துட்டு மீதியைக் கட்டினா போதும், நீங்க கவலையே படாதீங்க."

"சார், அந்தக் குடும்பம் நாங்கதான்."

அரைப்புள்ளி முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினார். அவர் பார்த்த விண்ணப்பத்தில் பல் மருத்துவமனையின் முகவரிதான் இருந்தது, தன் வீட்டு முகவரிக்குக் கடிதாசி வரக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தபடியால். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெல்லிய குரலில் பேசினார்.

"அப்படின்னா உங்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கு. வீடு இருக்கிறவருக்கு வாரியம் வீடு கொடுக்காது. உத்தரவை ரத்து பண்ணிடுவேன். நீங்க இப்ப சொன்னது என் காதுல விழுந்துச்சா, விழலையா?"

பல்செட்டுக்காரர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். "விழல சார்."

"நல்லது. அந்தக் குடும்பத்துக்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருங்க, போக மாட்டோம்னு தகராறு கிளப்பிடப் போறாங்க, தகராறுன்னு எழுதிக் கொடுத்துட்டா விசாரணை முடியறவரைக்கும் நாங்க யாரையும் தொட முடியாது, பழைய வாடகையைத்தான் வாங்கிக்கணும், எங்க விசாரணை எப்ப முடியும்னு எங்களுக்கே தெரியாது, அதனால நயமா பேசி அனுப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து பல்செட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். மாதக் கடைசியில் சாமானையெல்லாம் தெருவில் இறக்க வேண்டும். அறை காலியாக இருப்பதை வாரியம் வந்து பார்க்க வேண்டும். அப்புறம் சாவி தருகிற நாளில் வீடு கட்டுப்படியாக வேண்டும், தான் ஏழையாகவும் இருக்க வேண்டும். அதுவரை பிளாட்பாரம்தான். மாமனார் பல்செட்டைக் கழற்றினார்.

மனைவி பாத்திரச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தகராறு பண்ணினா தொட முடியாதுன்னு அவரேவா சொன்னாரு?"

"அவரேதான் சொன்னாரு."

"பழைய வாடகையா?"

"பழைய வாடகைதான்."

அவள் சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துக்கொண்டே பேசினாள்.

"என்னங்க, நீங்க போயி, அந்த வீட்டுல இருக்கிற பொம்பள பயங்கரமான சண்டைக்காரி, போக மாட்டேங்கறான்னு எழுதிக் கொடுங்க. நான் போயி, யாரோ பல்செட்டுக்காரராம், வந்து மிரட்டறாருன்னு எழுதிக் கொடுக்கறேன்."

மாமனார் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரைட்" என்றார்.

அன்று தொடங்கிய விசாரணை இன்னும் நடக்கிறது. இரு தரப்பும் நேரில் சந்தித்தால் அடிதடி ஆகிவிடும் என்று வாரியம் பயந்ததால், வீடு ஒதுக்கப்பட்டவரை ஒரு நாளும் வீட்டில் இருப்பவரை வேறொரு நாளும் கூப்பிடுகிறார்கள். மனைவி போகிற நாளில் பல்செட்டுக்காரரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வருவாள். அந்த வசவுகளில் சிலது விசாரணைக்காகச் சொன்னது போலவே இருக்காது. மாமனார் இரண்டு தரப்புக்கும் சாட்சி. மகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அதே தையல் மெஷின் மேல் எழுதுகிறாள்.

போன வாரம் பல்செட்டுக்காரரின் முறை வந்தது. அரைப்புள்ளி அலுப்போடு பேனாவை எடுத்தார்.

"இத்தனை நாளாச்சு, இன்னும் போகலையா அவங்க? நீங்க நேர்ல பார்த்திருக்கீங்க இல்லையா, எப்படிப்பட்ட ஆளுங்க?"

பல்செட்டுக்காரர் இதற்கு வழக்கமாகச் சொல்கிற வசவுகள் தயாராக இருந்தன. அன்று ஏனோ வாயில் வரவில்லை.

"மோசமானவங்கன்னு சொல்ல முடியாது சார். போங்கன்னு சொன்னா, எங்க போறதுன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

அரைப்புள்ளி அதை எழுதிக்கொண்டு தலையை ஆட்டினார். "இவங்களை மாதிரி ஆளுங்களாலதான் சார் இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வீடு கட்டுப்படியாகாம போச்சு."

"ஆமா சார்" என்றார் பல்செட்டுக்காரர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது நாலு மணி அடித்தது. கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏறியதா, இறங்கியதா என்று கேட்க அவர் நிற்கவில்லை. அந்தக் குடும்பம் சாப்பிடாமல் காத்திருக்கும் என்று வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.